இறகால் ஒரு பூச்சி

தூண்டிலில் மண்புழுவைக் கோத்து மீன் பிடிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். புழு இல்லாமலும் மீன் பிடிக்கலாம். ஒரு தூண்டில் முள், ஒரு சேவல் இறகு, கொஞ்சம் நூல் போதும். மூன்றையும் சேர்த்துக் கட்டினால் தண்ணீரில் அது பூச்சி போலவே தெரியும். மீன் ஏமாந்து கவ்வும். இதைப் பொய்ப்பூச்சி என்று சொல்லலாம்.

இது பழைய வித்தை. சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் ரோம் நாட்டில் ஏலியன் என்ற எழுத்தாளர் இருந்தார். மாசிடோனியா நாட்டு மக்கள் ஆற்றில் மீன் பிடிக்கும் விதத்தை அவர் எழுதி வைத்தார். அந்த ஆற்றின் மேல் ஒரு பூச்சி பறக்கும். மீன்கள் அதை விரும்பித் தின்னும். ஆனால் மனிதன் கை பட்டால் அந்தப் பூச்சியின் நிறம் போய்விடும். இறக்கையும் வாடிவிடும். ஆகவே மக்கள் முள்ளின் மேல் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றினார்கள். இரண்டு சேவல் இறகுகளையும் அதில் கட்டினார்கள். மீன் ஏமாந்தது. இதைக் கட்டியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. ஒருவர் எழுதி வைத்ததால் வித்தை மட்டும் நமக்குத் தெரிகிறது.

நம் நாட்டுக்கு இதை வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தார்கள். குளிர்ந்த ஓடைகளில் வாழும் டிரௌட் மீனை நீலகிரியில் விட்டு வளர்த்தார்கள். அதைப் பொய்ப்பூச்சியால் பிடித்தார்கள். இன்று கென்யா, தாய்லாந்து போன்ற நாடுகளில் பலருக்கு இதைக் கட்டுவதே தொழில். அவர்கள் கட்டுவது வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகிறது.

கற்றுக்கொள்வது கடினமா? பூக்கட்டத் தெரிந்தவர்களுக்குக் கடினம் இல்லை. மல்லிகை கட்டும்போது நூலை விரலில் சுற்றி ஒரு வளையம் போடுகிறோம். அந்த வளையத்தைப் பூக்காம்பில் மாட்டி இழுக்கிறோம். முடிச்சு இறுகுகிறது. பூச்சி கட்டும்போதும் இதே வளையம்தான், இதே இறுக்கம்தான். பூக்காம்புக்குப் பதில் இரும்பு முள் இருக்கிறது, அவ்வளவுதான். பீடி சுற்றி நூல் கட்டிய விரல்களுக்கும் இது எளிதாக வரும். பெண்கள் இதை ஆண்களைவிட விரைவாகக் கற்பார்கள் என்பது என் எண்ணம்.

என்னென்ன வேண்டும்?

நடுத்தர அளவில் ஒரு தூண்டில் முள் வாங்குங்கள். மிகச் சிறிய முள் முதலில் கைக்கு அடங்காது. தையல் நூல், மெழுகுவர்த்தித் துண்டு, சிவப்புக் கம்பளி நூல், கத்தரிக்கோல், ஒரு குறடு இவை வேண்டும். கொஞ்சம் நகப்பூச்சும் வேண்டும். இறகு நாட்டுச் சேவலின் கழுத்து இறகாக இருக்கட்டும். பிராய்லர் கோழியின் இறகு மெத்தென்று இருக்கும். தண்ணீரில் ஒட்டிக்கொள்ளும். ஹைதராபாத் கோழிக்கடைகளில் சேவலைத் தெலுங்கில் 'புஞ்சு' என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டால் இறகைச் சும்மாவே தந்துவிடுவார்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கையையும் கழுவுங்கள்.

எப்படிக் கட்டுவது?

முள்ளின் வளைந்த பக்கத்தைக் குறட்டின் வாயில் கவ்வ வையுங்கள். குறட்டின் கைப்பிடிகளை ரப்பர் பேண்டால் இறுக்கச் சுற்றுங்கள். இனி முள் அசையாது. உங்கள் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும்.

நூலை மெழுகில் ஒரு முறை இழுங்கள். அப்போது அது வழுக்காது. முள்ளில் நரம்பு கோக்கும் துளை இருக்கிறதே, அதைக் காது என்போம். காதை ஒட்டி நூலைச் சுற்றாதீர்கள். ஒரு நெல் அகலம் இடம் விடுங்கள். புதிதாகக் கட்டுபவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். இடம் விடாமல் சுற்றினால் கடைசியில் காது அடைபட்டுவிடும். நரம்பு நுழையாது. அழகாகக் கட்டிய பூச்சி வீணாகும்.

நூல் முனையின் மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். நூல் பூட்டிக்கொள்ளும். பிறகு வளைவு தொடங்கும் இடம்வரை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே போங்கள். அங்கே கம்பளி நூலின் நுனியை வைத்துக் கட்டுங்கள். தையல் நூலைத் திரும்ப முன்னால் கொண்டுவாருங்கள். அடுத்துக் கம்பளியை முன்னோக்கிச் சுற்றுங்கள். அதுதான் பூச்சியின் உடம்பு. காதுக்கு முன் நிறுத்திக் கட்டி, மிச்சத்தை வெட்டுங்கள்.

இப்போது இறகு. அடியில் உள்ள பஞ்சு போன்ற பகுதியைப் பிய்த்துவிடுங்கள். தண்டை உடம்பின் முன்பக்கம் கட்டுங்கள். இறகின் நுனியைப் பிடித்து மூன்று நான்கு சுற்றுச் சுற்றுங்கள். இறகின் மயிர்கள் நாலாபக்கமும் விரிந்து நிற்கும். அவைதான் பூச்சியின் கால்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் மயிர் நசுங்கிவிடும். இரண்டாவது இறகு பழகிய பிறகு போதும்.

கடைசியில் பூக்கட்டும் முடிச்சு. விரலில் வளையம் போட்டு, காதுவழியே மாட்டி இழுங்கள். நான்கு முறை இப்படிச் செய்யுங்கள். நூலை வெட்டி, முடிச்சின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள். காதில் பூச்சு இறங்கினால் ஊசியால் குத்தி எடுங்கள். முதல் பூச்சி கந்தலாகத்தான் இருக்கும். நாம் முதலில் எழுதிய 'அ' எப்படி இருந்தது?

காட்டுச் சேவலின் கழுத்து

நம் தென்னிந்தியக் காடுகளில் சாம்பல் காட்டுக்கோழி வாழ்கிறது. அதன் சேவலுக்குக் கழுத்து இறகில் ஒரு தனி அழகு உண்டு. மெழுகு சொட்டியது போல வெள்ளையும் மஞ்சளுமாகப் பளபளக்கும் புள்ளிகள் இருக்கும். தண்ணீரில் அது சின்ன மீனின் கண் போலத் தெரியும். இந்த அழகே அதற்கு எமனாக வந்தது. சால்மன் என்ற பெரிய மீனைப் பிடிக்க இங்கிலாந்தில் இந்த இறகைக் கேட்டார்கள். இங்கே காட்டில் சேவல்களைக் கொன்று, கழுத்துத் தோலை உரித்துக் கப்பலில் அனுப்பினார்கள். காடுகளில் பறவை குறைந்தது. பிறகு அரசு ஏற்றுமதியைத் தடுத்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இப்போது காட்டுக்கோழியைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். வெளிநாட்டில் கூண்டில் வளர்த்த பறவையின் இறகைப் பயன்படுத்துகிறார்கள். யாராவது உங்களிடம் அந்தத் தோலைக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். சந்தைச் சேவலின் இறகுக்கே மீன் வரும்.

எங்கே போடுவது?

இந்தப் பூச்சிக்கு எடை கிடையாது. ஈயக்குண்டு கட்டினால் மூழ்கிவிடும். ஆகவே நீளமான மூங்கில் கோலில் குட்டையாக நரம்பு கட்டுங்கள். பூச்சி தண்ணீரை லேசாகத் தொடட்டும். தூக்குங்கள். மறுபடி தொடட்டும். சிறு கெண்டைகள் மேலே வந்து கொத்தும். ரோகு மீன் பெரும்பாலும் பாசியும் செடியும் தின்னும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

விரால் வேறு மாதிரி. இதைத் தெலுங்கில் கொர்ரமீன் என்பார்கள். தெலங்கானாவின் மாநில மீன் இதுதான். காற்றைச் சுவாசிக்க அடிக்கடி மேலே வரும். தவளை போல அசையும் எதையும் பாய்ந்து பிடிக்கும். அதற்குப் பெரிய முள்ளும் அடர்ந்த இறகும் வேண்டும். மழைக்காலத்தில் விரால் குஞ்சுகள் கூட்டமாக மேலே மிதக்கும். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். அந்த நேரத்தில் அவை எதையும் கவ்வும். பிடிப்பது எளிது. ஆனால் பெற்றவை போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். அந்தக் கூட்டத்தைக் கண்டால் வேறு இடம் பாருங்கள்.

ஏரிக்குப் போகும் முன் அனுமதி கேளுங்கள். பல ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உண்டு. உஸ்மான் சாகர் 1920-இல் கட்டி முடித்த குடிநீர் ஏரி. அங்கே கேட்காமல் கோலை நீட்டக் கூடாது. அறுந்த நரம்பைக் கரையில் போடாமல் சுருட்டி எடுத்து வாருங்கள். கொக்கும் நாரையும் அதில் கால் சிக்கிச் சாகின்றன.