மறக்கப்பட்ட ஓர் இசைத்தொகுப்பு: ‘கெற் சம்’

மெற்றல் இசையுடன் ஹிப் ஹொப் முதலியவற்றைக் கலந்து 1990களில் ஐக்கிய அமெரிக்காவில் எழுந்த நூ-மெற்றலை வெறும் சந்தைச் சரக்கென ஒதுக்குவோர் உளர். கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவைச் சேர்ந்த ‘ஸ்நொட்’ குழுவினரின் முதல் தொகுப்பான ‘கெற் சம்’ (1997) இம்முடிவை மீளாய்வு செய்யத் தூண்டுகின்றது. பங்க் இசையின் சீற்றமும் கறுப்பின மக்களின் ஃபங்க் இசைக்குரிய தாள நெகிழ்வும் ஒன்றையொன்று விழுங்காது இதில் இயைகின்றன. இடையிடையே வாத்திய இசை தனித்தும் ஒலிக்கின்றது. பாடகர் லின் ஸ்றெயிற் 1998 டிசெம்பரில் வீதி விபத்தில் மறைந்தார். சக கலைஞர்கள் 2000இல் வெளியிட்ட ‘ஸ்றெயிற் அப்’ என்னும் அஞ்சலித் தொகுப்பு அவர் பெயரை நிலைநிறுத்திற்று. ஆயினும் அனுதாபம் மதிப்பீடாகாது. மறைந்தவர்மீதுள்ள இரக்கத்தினாலன்றி, இசையின் தகுதி பற்றியே இத்தொகுப்பு கேட்கப்படல் வேண்டும் என்பது எமது துணிபு.