வேலியோரக் கலப்பைக் கிழங்கும் வாதரக்த நோயும்

இரவில் சுகமாய்ப் படுத்த ஒருவர், பின்னிரவில் கால் பெருவிரல் மூட்டில் நெருப்பை வைத்தாற்போன்ற வேதனையுடன் விழித்துக்கொள்கிறார். மூட்டு சிவந்து வீங்கிப் பளபளக்கிறது. வேஷ்டியின் விளிம்பு மேலே படுவதும் பொறுக்க முடிவதில்லை. நம் வைத்திய நூல்கள் வாதரக்தம் என்றும், ஆங்கில வைத்தியர்கள் ‘கௌட்’ என்றும் கூறும் நோயின் ஆரம்பம் பெரும்பாலும் இவ்வாறே இருக்கும். செல்வர்க்கு வரும் வாதம் என்னும் பொருளில் ஆட்யவாதம் என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் இக்காலத்தில் இது செல்வரை மட்டும் நாடுவதில்லை.

நோயின் காரணம்

உடலின் அணுக்கள் சிதையும்போதும், மாமிசம், மீன் முதலியன சீரணமாகும்போதும் பியூரின் என்னும் வஸ்து வெளிப்பட்டு யூரிக் அமிலமாக மாறுகிறது. இதில் பெரும்பகுதியைச் சிறுநீரகங்கள் வெளியேற்றிவிடும். அவ்வாறு கழிவது குறைந்தாலும், உற்பத்தி மிகுந்தாலும், அமிலம் இரத்தத்தில் தேங்குகிறது. வேதாரணியத்து உப்பளங்களில் நீர் சுண்டச் சுண்ட உப்புப் பரல்கள் படிவது போல, அது மூட்டுகளில் ஊசி போன்ற நுண்ணிய பரல்களாகப் படிகிறது. வேதனைக்கு மூலம் இப்பரல்களே.

ஆகார முறை

கோரையாறும் பாமணியாறும் வந்து கலக்கும் முத்துப்பேட்டைக் காயலும், அதனைச் சூழ்ந்த அலையாத்திக் காடும், மீன், இறால், நண்டு ஆகியவற்றை அளிக்கின்றன. இவ்வூரார் இவற்றை அறவே விட வேண்டுவதில்லை. எனினும் நோயுடையோர் நெத்திலி, மத்தி, இறால் ஆகியவற்றையும் ஆட்டிறைச்சியையும் வெகுவாகக் குறைத்து, ஈரல், குண்டிக்காய் முதலிய உள்ளுறுப்புகளை நீக்கிவிடுதல் நலம். மதுபானமும், சர்க்கரை மிகுந்த குளிர்பானங்களும் கூடாதவை.

அரிசிச் சோற்றில் பியூரின் குறைவு. சம்பா அறுவடையை ஒட்டி வயலில் தெளிக்கும் உளுந்தையும் பயறையும் இந்நோயாளர் தொடக்கூடாதென்று முன்பு கூறுவதுண்டு. பிற்கால ஆராய்ச்சிகளில் பருப்பு வகைகள் இந்நோயை வளர்ப்பதாகத் தெரியவில்லை. ஆகையால் அளவோடு உண்ணலாம். வெண்ணெய் எடுத்த மோர் நன்மை தரும். வெயிலில் வேலை செய்வோர் தண்ணீர் நிறையப் பருக வேண்டும். சிறுநீரக நோயுடையவர் மட்டும் வைத்தியர் சொல்லும் அளவைக் கடைப்பிடிக்க வேண்டும். கடும் பட்டினியும், அதன்பின் பெருவிருந்தும் நோயைத் தூண்டும். பருத்த உடலைச் சிறிது சிறிதாக இளைக்கச் செய்வது உத்தமம்.

வலி கண்டவுடன் சூடான மணல் ஒத்தடம் கொடுப்பதும், அழுத்தித் தைலம் தேய்ப்பதும் வேதனையை மிகுவிக்கக்கூடும். காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியால் குளிர்ந்த ஒத்தடம் கொடுப்பதே தக்கது.

கலப்பைக் கிழங்கு

ஐரோப்பாவில் கால்சிகம் என்னும் பூண்டு பண்டுதொட்டு இந்நோய்க்கு வழங்கி வந்தது. அதிலுள்ள கால்சிசின் என்னும் சத்தை 1820-ல் பிரான்சு தேசத்து ரசாயனிகள் பிரித்தெடுத்தனர். அதே சத்து நம் வேலிகளில் படரும் செங்காந்தளிலும் இருப்பது 1915-ல் தெரியவந்தது. கிழங்கு ஏரின் வடிவாய் வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும், கண்வலிக் கிழங்கு, கார்த்திகைக் கிழங்கு என்றும் இதனை வழங்குவர்.

மருந்து வேலியிலேயே இருக்க மாத்திரை எதற்கு என்று எண்ணுதல் பெரும் அபாயம். வைத்தியர் கொடுக்கும் மாத்திரையில் உள்ள கால்சிசின் பொதுவாக அரை மில்லிகிராம். ஒரே கிழங்கிலோ பல பத்து மாத்திரைகளுக்குரிய அளவு அடங்கியிருக்கக்கூடும். அதுவும் கிழங்குக்குக் கிழங்கு மாறுபடும். இதனை உண்டு தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பலர் மாண்டிருக்கின்றனர். வள்ளிக்கிழங்கென்று மயங்கி உண்டோரும் உண்டு. சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் காணும். பின்னர் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாய்ச் செயலிழக்கும். ஆயுர்வேதமும் இதனை உபவிஷங்களுள் ஒன்றாகவே வைத்துள்ளது.

பயிரிடுவோர் கவனத்திற்கு

மூலனூர், ஒட்டன்சத்திரம் முதலிய இடங்களிலும், வேதாரணியத்து மணற்பாங்கான நிலங்களிலும் விதைக்காகவே இது பயிராகிறது. விதையை மருந்துத் தொழிற்சாலைகள் வாங்குகின்றன. நீர் தேங்கும் களிமண் வயலுக்கு இப்பயிர் ஏற்றதன்று. பயிரிடுவோர் நடவுக் கிழங்கையும் விதையையும் உணவுப் பொருள்களுடன் சேர்க்காமல் தனியே பூட்டி வைக்கவும், கையாண்டபின் கைகளை நன்கு கழுவவும் வேண்டும்.

முடிவுரை

பத்தியத்தால் இரத்தத்திலுள்ள அமிலம் ஓரளவே குறையும். உடலே உண்டாக்கும் பகுதிதான் பெரிது. ஆகவே நோய் அடிக்கடி திரும்புமாயின் இரத்தத்தைச் சோதித்து, வைத்தியர் சொல்லும் மருந்தை இடைவிடாது உட்கொள்ள வேண்டும். அமிலத்தை 6 மில்லிகிராமுக்குக் கீழ் (100 மில்லிலிட்டர் இரத்தத்தில்) நிறுத்துவதே நோக்கம்.

கிராம அதிகாரிகள் இச்செடியைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் குடியானவர்களுக்கும் காட்டி எச்சரித்தல் நலம். எவரேனும் கிழங்கை உண்டுவிட்டால், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல், எஞ்சிய கிழங்கையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குச் சேர்ப்பிக்க வேண்டும். மோரும் பத்தியமும் வீட்டு வைத்தியமாகலாம். கலப்பைக் கிழங்கு ஒருபோதும் ஆகாது.