எபோலா என்றதும் வயிற்றைக் கலக்குகிறதா?

காலையில் காபியை ஒரு வாய் குடித்துவிட்டுப் பேப்பரைப் பிரிக்கிறீர்கள். 'ஆப்பிரிக்காவில் கொடிய காய்ச்சல்... கொத்துக் கொத்தாகச் சாவு!' என்று ஒரு தலைப்பு. பக்கத்திலேயே ஒரு படம். தலை முதல் கால் வரை வெள்ளை அங்கியால் மூடிக்கொண்ட இரண்டு பேர் யாரையோ ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவ்வளவுதான்! காபி கசக்க ஆரம்பித்துவிடுகிறது.

'துபாயில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு போன் போட்டுடலாமா?'

'அடுத்த வாரம் வர்றதா சொன்ன மாப்பிள்ளையை இப்போதைக்கு வர வேண்டாம்னு சொல்லிடலாமா?'

'நேத்து ராத்திரியிலிருந்து சின்னவனுக்கு உடம்பு சுடுதே... ஒருவேளை...?'

சிரிக்காதீர்கள். இந்த மாதிரிக் கேள்விகள் எழாத வீடே கிடையாது. பயப்படுவது தப்பும் இல்லை. பயம் என்பது வீட்டு வாசலில் நிற்கிற காவல்காரன் மாதிரி. அவன் விழித்திருக்கத்தான் வேண்டும். ஆனால் திருடனைக் கோட்டை விட்டுவிட்டு, பால்காரரைப் பிடித்துக் கட்டி வைத்தால்?

நம் பயம் பல சமயம் அதைத்தான் செய்கிறது. எபோலாவையே எடுத்துக்கொண்டு பார்ப்போமே.

காலையில் ஐந்தே ஐந்து ஊசி

1976-ம் வருடம். அன்றைக்கு ஜைர் என்றும் இன்றைக்குக் காங்கோ ஜனநாயகக் குடியரசு என்றும் சொல்லப்படுகிற நாட்டில், யாம்புகு என்று ஒரு கிராமம். பெல்ஜியத்துக் கன்னிகாஸ்திரீகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி ஒன்று அங்கே இருந்தது. தினமும் காலையில் ஐந்தே ஐந்து ஊசிகளை எடுத்து வைப்பார்கள். அன்றைக்கு வருகிற அத்தனை நோயாளிகளுக்கும் அந்த ஐந்துதான். ஒருவருக்குப் போட்டதும் வெந்நீரில் ஒரு அலசு, அடுத்தவருக்குப் போடு. அவ்வளவுதான்!

என்ன ஆயிற்று? காய்ச்சல் கண்ட 318 பேரில் 280 பேர் இறந்து போனார்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த 17 பேரில் 11 பேர் காலி. ஆள் இல்லாமல் ஆஸ்பத்திரியை மூடினார்கள். மூடிய பிறகு நோயும் அடங்க ஆரம்பித்தது!

கிராமத்தின் பெயரையே நோய்க்கு வைத்தால் அந்த ஊருக்குக் காலத்துக்கும் கெட்ட பெயர் ஒட்டிக்கொள்ளுமே என்று யோசித்த விஞ்ஞானிகள், அந்தப் பகுதியில் ஓடுகிற எபோலா நதியின் பெயரை வைத்தார்கள். பாவம், நதி!

தொட்டவர்கள் 95... தொடாதவர்கள் 78

அதே நாட்டில் 1995-ல் கிக்விட் என்ற ஊரில் எபோலா மறுபடி தலைகாட்டியது. 315 பேருக்கு நோய். அதில் 80 பேர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள். அந்த வருடம்தான் ஹாலிவுட்டில் 'அவுட்பிரேக்' என்று ஒரு படமும் வந்திருந்தது. உலகமே நடுங்கியது. 'விமானத்தில் ஒரு ஆள் ஏறினால் போதும், ஊரே காலி' என்று பேச்சு.

ஆனால் கிக்விட்டில் ஆராய்ச்சியாளர்கள் வீடு வீடாகப் போய் ஒரு கணக்கு எடுத்தார்கள். நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த குடும்பத்தார் 173 பேர். அவர்களில் 95 பேர் நோயாளியைத் தொட்டுப் பணிவிடை செய்தவர்கள். இந்த 95 பேரில் 28 பேருக்கு நோய் வந்தது. மீதி 78 பேர் அதே கூரையின் கீழே இருந்தாலும், நோய் கண்டிருந்த நாட்களில் நோயாளியைத் தொடாதவர்கள். அவர்களில் எத்தனை பேருக்கு நோய் வந்தது தெரியுமா?

ஒருவருக்குக்கூட இல்லை!

இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும், பாதிப் பயம் போய்விடும். எபோலா காற்றில் பறந்து வந்து பிடிப்பதில்லை. நோயாளியின் ரத்தம், வாந்தி, பேதி, வியர்வை போன்றவை நம் உடம்பில் பட்டு, கண், வாய், மூக்கு, தோலில் இருக்கிற கீறல் வழியாக உள்ளே போனால்தான் தொற்றும். இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டும்போதும் தொற்றும். கிருமி உள்ளே போன 2 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல், அசதி, உடம்புவலி, தலைவலி, தொண்டைவலி என்று ஆரம்பிக்கும். பிறகு வாந்தி, பேதி. சிலருக்கு ரத்தக் கசிவு. காய்ச்சல் போன்ற அறிகுறிகள் ஆரம்பிக்கும் வரை அந்த ஆளிடமிருந்து அடுத்தவருக்குப் பரவாது.

ஒன்று கவனித்தீர்களா? தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்த அம்மா, வாந்தியைக் கையில் ஏந்திய மனைவி, ஊசி போட்ட நர்ஸ், கடைசிக் குளியல் செய்வித்த உறவுக்காரர்... அன்பாகக் கவனித்துக்கொண்டவர்களைத்தான் இந்த நோய் தேடிப் போகிறது. இதன் கொடுமையே அதுதான். ஐயாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்து பேப்பர் படிக்கிற நம்மை அல்ல.

அமெரிக்காவே நடுங்கியபோது...

மேற்கு ஆப்பிரிக்காவில் 2013 கடைசியில் தொடங்கி 2016 வரை நீடித்ததுதான் இதுவரை வந்த எபோலா பரவலில் மிகப் பெரியது. கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளில் 28,000 பேருக்கு மேல் நோய். 11,000 பேருக்கு மேல் சாவு. இறந்தவர்களில் டாக்டர்களும் நர்ஸ்களுமாக 500 பேருக்கு மேல்.

2014 செப்டம்பரில் லைபீரியாவிலிருந்து ஒருவர் அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்துக்கு வந்தார். வந்த சில நாளில் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போனார். மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்! மூன்று நாள் கழித்து ஆம்புலன்ஸில் மறுபடி வந்தார். அக்டோபர் 8-ம் தேதி இறந்து போனார்.

அவரோடு அதே வீட்டில் இருந்தவர்களுக்கு எபோலா வந்ததா? இல்லை. அவருக்கு நோய் முற்றிய கட்டத்தில் பணிவிடை செய்த இரண்டு நர்ஸ்களுக்கு வந்தது. நல்லவேளையாக இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். கிக்விட் கணக்கேதான், பாருங்கள்!

ஆனால் பயம் கணக்குப் பார்க்குமா? டல்லாஸில் ஒரு கூட்டத்துக்குப் போய்வந்த பாவத்துக்காக ஒரு பள்ளிக்கூட டீச்சரை 21 நாள் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். ஜாம்பியாவுக்குப் போய்வந்த ஒரு தலைமையாசிரியருக்குப் பயந்து பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள். எபோலா பரவிய நாடுகளுக்கும் ஜாம்பியாவுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான மைல் தூரம்!

பயமும் ஆளைக் கொல்லும்

இதெல்லாம் கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். எப்போதும் சிரிப்போடு முடிவதில்லை.

2014 ஆகஸ்டில் நைஜீரியாவில், 'உப்புத் தண்ணீர் குடித்தால் எபோலா வராது' என்று செல்போன் செல்போனாக ஒரு செய்தி பறந்தது. அனுப்பியவர்கள் எல்லாம் நல்லெண்ணத்தில் அனுப்பியவர்கள்தான். மொண்டு மொண்டு குடித்ததில் பலர் ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். இரண்டு பேர் இறந்தே போனார்கள். எபோலாவால் அல்ல. உப்பால்!

அடுத்த மாதம் கினியில் வோமே என்ற கிராமத்தில் இன்னும் பயங்கரம். நோயைப் பற்றி எடுத்துச் சொல்லப் போன குழுவை, 'இவர்கள்தான் நோயைக் கொண்டுவருகிறவர்கள்' என்று நம்பிய ஜனங்கள் தாக்க, எட்டுப் பேர் உயிரிழந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் எபோலா ஒட்டிக்கொள்ளும் என்று ஜனங்கள் ஒதுங்கியதில், மலேரியாக்காரர்களும் காசநோய்க்காரர்களும் வைத்தியமே இல்லாமல் இறந்தார்கள். அப்படி இறந்தவர்கள் கிட்டத்தட்ட எபோலாவில் இறந்தவர்கள் அளவுக்கே இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பின்னால் கணக்குப் போட்டார்கள்.

ஒரு டாக்டரம்மாவின் பிடிவாதம்

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு நல்ல சேதி. 2014 ஜூலையில் லைபீரியாவிலிருந்து நைஜீரியாவின் லாகோஸ் நகரத்துக்கு எபோலாவோடு ஒருவர் வந்து இறங்கினார். நெருக்கியடித்துக்கொண்டு கோடிக்கணக்கில் ஜனங்கள் வாழ்கிற நகரம் அது. அவரைச் சேர்த்த ஆஸ்பத்திரியில் அமேயோ ஸ்டெல்லா அடடேவோ என்ற டாக்டரம்மா சந்தேகப்பட்டார். 'வெளியே விடுங்கள்' என்று பல பக்கமிருந்தும் நெருக்கடி. 'முடியாது' என்று நின்றார்.

பிறகு அதிகாரிகள் அவரோடு பழகியவர்கள், அவர்களோடு பழகியவர்கள் என்று 900 பேரைப் போலத் தேடிப்பிடித்து, வீடு வீடாகப் போய் ஜுரம் பார்த்தார்கள். மொத்தம் 20 பேருக்கு நோய், 8 பேர் மரணம். அத்தோடு சரி. அக்டோபர் 20-ம் தேதி நைஜீரியாவில் எபோலா இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே அறிவித்துவிட்டது. அந்த எட்டுப் பேரில் அந்த டாக்டரம்மாவும் ஒருவர் என்பதுதான் மனதைப் பிசைகிறது.

இன்றைக்கு நிலைமை இன்னும் மேல். எபோலாவில் பல வகை உண்டு. அதில் ஜைர் வகைக்கு 2019-ல் தடுப்பூசி அங்கீகாரம் பெற்றது. 2020-ல் இரண்டு மருந்துகளும் வந்தன. சீக்கிரமே வந்து வைத்தியம் எடுத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பிழைத்திருக்கிறார்கள்.

'அப்போ கொரோனா மட்டும் எப்படி வந்தது?'

நீங்கள் கேட்கப் போவது தெரிகிறது. 'இப்படித்தான் 2020-லும் எங்கேயோ சீனாவில்தானே என்று இருந்தோம். வீட்டு வாசலுக்கு வந்துவிட்டதே!'

நியாயமான கேள்வி. அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரையின் சாரமே. கொரோனா மூச்சுக்காற்றிலேயே பரவியது. அதுவும் அறிகுறி தெரிவதற்கு முன்பே பரவியது. நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவரே பரப்பினார். எபோலாவோ, படுத்த படுக்கையாகிவிட்டவரிடமிருந்து, தொட்டவருக்குப் பரவுவது. எபோலா வந்தவர்களில் சராசரியாகப் பாதிப் பேர் இறக்கிறார்கள். கொரோனாவில் அதைவிட எவ்வளவோ குறைவு. ஆனாலும் உலகத்தைப் புரட்டிப் போட்டது கொரோனாதான்.

ஆகவே, புதிதாக ஒரு நோயின் பெயரைக் கேட்டதும் 'எத்தனை பேர் செத்தார்கள்?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'எப்படிப் பரவுகிறது? அறிகுறிக்கு முன்பா, பின்பா?' என்று கேளுங்கள். எவ்வளவு பயப்படலாம் என்பது அதில்தான் இருக்கிறது.

நாமும் 'அந்த ஊர்க்காரர்'தான்!

1994 செப்டம்பர் ஞாபகம் இருக்கிறதா? குஜராத்தின் சூரத் நகரத்தில் பிளேக் என்று செய்தி. லட்சக்கணக்கானவர்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் தொற்றிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். மருந்துக் கடைகளில் டெட்ராசைக்ளின் மாத்திரை காணாமல் போயிற்று. நோய் இல்லாதவர்கள் வாங்கிப் பதுக்கியதுதான் காரணம்! பல நாடுகள் இந்தியாவுக்கு விமானத்தை நிறுத்தின. சூரத் எங்கே, நம் ஊர் எங்கே? ஆனால் வெளிநாட்டு விமான நிலையத்தில் இறங்கிய இந்தியர் எல்லாரையுமே சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். நாடு முழுக்க இறந்தவர்கள் அறுபது பேருக்கும் குறைவு.

அன்றைக்கு நமக்கு எவ்வளவு வலித்திருக்கும்! தெருவில் ஓர் ஆப்பிரிக்க மாணவரைப் பார்த்துப் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் முன் அதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்த முறை செய்தி வரும்போது...

• நோய் பரவுகிற ஊரிலிருந்து உங்கள் வீட்டுக்கு யாராவது வந்திருக்கிறார்களா? எபோலா என்றால் 21 நாள் உடம்பைக் கவனித்து வரச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் நேரே பஸ் ஏறிப் போய் க்ளினிக்கில் உட்கார வேண்டாம். முதலில் அரசு ஆஸ்பத்திரிக்கோ, 104-க்கோ போன் செய்து எங்கிருந்து வந்தவர் என்பதைச் சொல்லுங்கள். மறைப்பதுதான் ஆபத்து.

• யாரும் எங்கும் போகவில்லை, வரவில்லை. குழந்தைக்கு ஜுரம் மட்டும் அடிக்கிறதா? எபோலாவை மறந்துவிட்டு டெங்கு, டைபாய்டு, மலேரியா, எலிக்காய்ச்சல் பக்கம் யோசித்து, தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

• எந்த ஆஸ்பத்திரியானாலும் ஊசியைப் புது உறையிலிருந்து பிரித்துப் போடுகிறார்களா என்று பாருங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். யாம்புகு கற்றுத் தந்த பாடம் அது.

• காய்ச்சல்காரரின் வாந்தி, பேதியைச் சுத்தம் செய்யும்போது கையுறை போடுங்கள். முடித்ததும் சோப்பால் கை கழுவுங்கள். எல்லா நோய்க்கும் இது பொருந்தும்.

• 'இதைக் குடித்தால் வராது' என்று செல்போனில் வருவதைக் குடிக்கவும் வேண்டாம், அடுத்தவருக்குத் தள்ளவும் வேண்டாம்.

• டாக்டர் சொல்லாமல் மாத்திரை வாங்கிப் பதுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. இந்தியாவில் 2023-ல் மட்டும் காசநோயால் இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதுவும் குணப்படுத்தக்கூடிய நோய்! ஆனால் அது நம் காபியைக் கசக்க வைப்பதில்லை. பழகிப்போய்விட்டது.

ஆக, அடுத்த தடவை பேப்பரில் அந்த வெள்ளை அங்கிப் படத்தைப் பார்த்தால், உள்ளே இருப்பவர் யாரோ பெற்ற பிள்ளைக்குப் பணிவிடை செய்யப் போகிறவர் என்று நினைத்து மனதுக்குள் ஒரு கும்பிடு போடுங்கள். பிறகு, இரண்டு வாரமாக லொக்கு லொக்கு என்று இருமிக்கொண்டிருக்கிறாரே உங்கள் வீட்டுத் தாத்தா, அவரை முதலில் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

காவல்காரன் பிடிக்க வேண்டிய திருடன் அங்கேதான் இருக்கக்கூடும்!