நிறுவனம் தரும் டீசல் ஆட்டோமேடிக் கார்: கையெழுத்திடும் முன் கணக்கிட வேண்டியவை என்ன?

தனியார் நிறுவனங்களில் நடுத்தர மற்றும் உயர் பொறுப்புகளுக்கு வருவோருக்கு, சம்பளத்துடன் கார் ஒன்றும் சலுகையாக வழங்கப்படுவது வழக்கம். நிறுவனமே காரை வாங்கித் தரலாம். அல்லது குத்தகை நிறுவனம் ஒன்றிடம் இருந்து எடுத்து, அதன் மாதத் தொகையை ஊழியரின் மொத்த ஊதியத்தில் கழித்துக்கொள்ளலாம். அதிகம் பயணம் செய்வோர் இச்சலுகையில் பெரும்பாலும் டீசல் எஞ்சினும் ஆட்டோமேடிக் கியரும் கொண்ட, பொருள் வைக்க இடம் மிகுந்த காரையே விரும்புகின்றனர்.

ஐரோப்பாவில் இத்தேவையை நீண்ட பின்பகுதி கொண்ட 'எஸ்டேட்' கார்கள் நிறைவேற்றுகின்றன. இந்தியாவில் 1992-ல் வந்த டாடா எஸ்டேட், பின்னர் வந்த இண்டிகோ மரீனா போன்றவை நிலைக்கவில்லை. அந்த இடத்தை எஸ்யுவி கார்கள் பிடித்துவிட்டன.

இச்சலுகையால் கிடைக்கும் வரிச் சேமிப்பு உண்மையானது. ஆனால், டீசலா பெட்ரோலா என்ற கேள்விக்கு வரி விதி விடை தருவதில்லை. பயண தூரம், கார் பதிவாகும் நகரம், ஒப்பந்தத்தில் இருந்து வெளியேறும் நிபந்தனை ஆகிய மூன்றுமே அதை முடிவு செய்கின்றன.

வரி எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

நிறுவனம் தரும் காரைச் சொந்த வேலைக்கும் பயன்படுத்தினால், அது 'பெர்க்விசிட்' எனப்படும் சலுகை வருமானமாகக் கருதப்படும். 1962-ம் ஆண்டின் வருமான வரி விதிகளில் 3-வது விதி இதன் மதிப்பை நிர்ணயிக்கிறது. காரின் விலையோ, எரிபொருளின் வகையோ, ஓடிய தூரமோ இதில் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. எஞ்சினின் கொள்ளளவு மட்டுமே அளவுகோல்.

அலுவலகப் பணிக்கும் சொந்தப் பயன்பாட்டுக்கும் சேர்த்து ஓட்டப்படும் காரின் எரிபொருள், பராமரிப்புச் செலவை நிறுவனமே ஏற்றால், 1.6 லிட்டர் வரையிலான எஞ்சினுக்கு மாதம் 1,800 ரூபாயும், அதற்கு மேற்பட்ட எஞ்சினுக்கு 2,400 ரூபாயும் சலுகை வருமானமாகச் சேர்க்கப்படும். ஓட்டுநரும் அமர்த்தப்பட்டால் கூடுதலாக 900 ரூபாய். சொந்தப் பயணச் செலவை ஊழியரே ஏற்றால் இத்தொகை முறையே 600 ரூபாய், 900 ரூபாய் எனக் குறையும். இவை 2025-26 நிதியாண்டுக்கான தொகைகள். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிந்தைய மாதங்களுக்கு அச்சட்டத்தின் கீழான விதிகளில் உள்ள தொகையையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 30 சதவீத வரி வரம்பில் உள்ள ஒருவரின் ஊதியத்தில் மாதம் 30,000 ரூபாய் கார் குத்தகைக்குச் செல்கிறது எனக் கொள்வோம். அதே தொகையைச் சம்பளமாகப் பெற்றிருந்தால், ஆண்டுக்கு 3,60,000 ரூபாய்க்கு 4 சதவீத செஸ் உட்பட 1,12,320 ரூபாய் வரி செலுத்த நேரிடும். 1.6 லிட்டருக்கு உட்பட்ட காராக எடுத்தால், 21,600 ரூபாய்க்கு மட்டும் சுமார் 6,740 ரூபாய் வரி செலுத்தினால் போதும். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இந்த மதிப்பீட்டு முறை பொருந்தும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கார் ஓரளவேனும் அலுவலகப் பணிக்குப் பயன்பட வேண்டும். முழுவதும் சொந்தப் பயன்பாட்டுக்கு என்றால், நிறுவனம் செய்த உண்மைச் செலவு முழுவதும் வருமானமாகச் சேர்க்கப்படும். நிறுவனத்தின் சொந்தக் காராக இருந்தால், அதன் விலையில் ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானமாகவும் சேரும். முழுவதும் அலுவலகப் பணிக்கு என்று கூறி வரியே இல்லாமல் பெற வேண்டுமானால், பயணத் தேதி, சென்ற இடம், தூரம், செலவு ஆகியவற்றைக் குறித்த பதிவேடும் நிறுவனத்தின் சான்றும் தேவை.

1.6 லிட்டர், 4 மீட்டர்: இரு எல்லைக்கோடுகள்

ஹூண்டாய் கிரெட்டா, கியா செல்டோஸ் ஆகியவற்றின் டீசல் எஞ்சின் 1,493 சிசி கொண்டது. எனவே அவை 1,800 ரூபாய் பிரிவில் வரும். டாடா ஹாரியரின் டீசல் எஞ்சின் 1,956 சிசி என்பதால் 2,400 ரூபாய் பிரிவு. இரண்டுக்கும் இடையே ஆண்டுக்கு ஏற்படும் வரி வேறுபாடு 2,250 ரூபாய்க்கும் குறைவு. இதற்காக மட்டும் தேவைக்குப் பொருந்தாத காரைத் தேர்வு செய்ய வேண்டியதில்லை.

பெரிய வேறுபாடு ஜிஎஸ்டியில் உள்ளது. 2025 செப்டம்பர் 22 முதல், 1,500 சிசி-க்கு மிகாத எஞ்சினும் 4 மீட்டருக்கு மிகாத நீளமும் கொண்ட டீசல் கார்களுக்கு 18 சதவீதமும், இந்த அளவுகளைத் தாண்டும் கார்களுக்கு 40 சதவீதமும் ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. டாடா நெக்ஸான், கியா சோனெட், மஹிந்திரா எக்ஸ்யுவி 3எக்ஸ்ஓ ஆகியவற்றின் டீசல் வகைகள் முதல் பிரிவிலும், கிரெட்டா இரண்டாவது பிரிவிலும் அடங்கும். ஊழியர்களின் பயன்பாட்டுக்கு வாங்கும் பயணிகள் காருக்கு நிறுவனம் பொதுவாக உள்ளீட்டு வரி வரவு பெற முடியாது. எனவே இந்த வரி குத்தகைத் தொகையில் சேர்ந்து ஊழியரின் தலையிலேயே விழும்.

டீசல் யாருக்கு லாபம்?

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்ட பிறகு, பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடையே முன்பிருந்த பெரிய விலை வேறுபாடு இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் வந்தபோது டீசல் எஞ்சின்களின் தயாரிப்புச் செலவு உயர்ந்தது. மாருதி சுசுகி டீசல் கார்களையே கைவிட்டது. ஆகவே, டீசல் என்றாலே சிக்கனம் என்ற பழைய கணக்கு இப்போது எல்லோருக்கும் பொருந்தாது.

கணக்குக்காக பெட்ரோல் லிட்டர் 95 ரூபாய், டீசல் 88 ரூபாய் என்றும், பெட்ரோல் ஆட்டோமேடிக் 12 கி.மீ., டீசல் ஆட்டோமேடிக் 16 கி.மீ. மைலேஜ் தருவதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவு சுமார் 7.90 ரூபாய், டீசல் செலவு 5.50 ரூபாய். டீசல் காரின் விலை 1.5 லட்சம் ரூபாய் கூடுதல் என்றால், அதை மீட்க ஏறத்தாழ 62,000 கி.மீ. ஓட்ட வேண்டும். மாதம் 2,500 கி.மீ. செல்பவருக்கு அது இரண்டு ஆண்டு, 1,000 கி.மீ. செல்பவருக்கு ஐந்து ஆண்டுக்கும் மேல். அதாவது பல குத்தகைகள் அதற்குள் முடிந்துவிடும்.

இங்கு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எரிபொருள் செலவை நிறுவனம் ஏற்றால் டீசலின் சிக்கனம் நிறுவனத்துக்கே செல்லும். காரின் கூடுதல் விலை மட்டும் குத்தகை வழியாக ஊழியரைச் சேரும்.

நகர நெரிசலில் டீசல் ஆட்டோமேடிக்

பிஎஸ்-6 டீசல் கார்களின் புகைக்குழாயில் 'டிபிஎஃப்' எனப்படும் துகள் வடிகட்டி உள்ளது. அதில் சேரும் கரியை எரித்து அகற்ற, புகை மிகுந்த வெப்பத்தை எட்ட வேண்டும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட்டினால் இது தானாக நிகழும். வீட்டில் இருந்து அலுவலகத்துக்கு 5 கி.மீ. நெரிசலில் ஊர்ந்து செல்வதோடு நின்றுவிடும் காரில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கைப் புறக்கணித்தால் பெரும் செலவு ஏற்படும்; அச்செலவை யார் ஏற்பது என்ற தகராறும் எழும். சில கார்களில் ஆட்புளூ எனப்படும் யூரியா கரைசலையும் அவ்வப்போது நிரப்ப வேண்டும்.

ஆட்டோமேடிக் என்ற பெயரில் வருபவை எல்லாம் ஒன்றல்ல. நெக்ஸான் டீசலில் இருப்பது ஏஎம்டி. சாதாரண கியர்பெட்டியில் கிளட்சையும் கியரையும் இயந்திரமே மாற்றும் எளிய ஏற்பாடு இது. விலை குறைவு, ஆனால் கியர் மாறும்போது சிறு தடுமாற்றம் உணரப்படும். சோனெட், கிரெட்டா, ஹாரியர் ஆகியவற்றின் டீசல் வகைகளில் உள்ள 'டார்க் கன்வர்ட்டர்' வகை நெரிசலில் மென்மையாகச் செல்லும். தினமும் ஓட்ட வேண்டிய பாதையிலேயே சோதனை ஓட்டம் செய்து பார்ப்பது நல்லது.

டெல்லியில் பதிவானால்?

டெல்லி தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டுகளுக்கு மேற்பட்ட டீசல் வாகனங்களுக்கும் 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பெட்ரோல் வாகனங்களுக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2018-ல் இதை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. 2025 ஆகஸ்ட் 12 அன்று, வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கட்டாய நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று அந்நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு டிசம்பரில், பிஎஸ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய தரத்தில் உள்ள வாகனங்களுக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு என்று திருத்தியது.

டீசல் மீதான கட்டுப்பாடுகள் அங்கு திடீரென வந்ததும் உண்டு. 2015 டிசம்பரில் 2,000 சிசி மற்றும் அதற்கு மேற்பட்ட டீசல் கார்களைப் பதிவு செய்ய உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2016 ஆகஸ்டில்தான், விலையில் 1 சதவீதம் சுற்றுச்சூழல் கட்டணத்துடன், அத்தடை விலக்கப்பட்டது. காரைக் குத்தகைக் காலத்துக்குப் பின் திருப்பித் தருபவருக்கு இது பெரிய கவலை அல்ல. அதையே விலைக்கு வாங்கிப் பல ஆண்டுகள் வைத்துக்கொள்ள நினைப்பவர், மறுவிற்பனை மதிப்பில் இந்த அபாயத்தைக் கழித்தே பார்க்க வேண்டும்.

வேலையை விட்டால் என்ன ஆகும்?

பலரும் படிக்காமல் விடும் பக்கம் இதுதான். குத்தகைக் காலத்தின் நடுவில் ஊழியர் விலகினால், மீதமுள்ள தொகையைச் செலுத்திக் காரை வாங்கிக்கொள்வது, முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணத்துடன் திருப்பித் தருவது, புதிய நிறுவனம் ஏற்றால் ஒப்பந்தத்தை அங்கு மாற்றுவது என்பவையே பொதுவாக உள்ள வழிகள். முதல் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பெருந்தொகை தேவைப்படலாம். பணிநீக்கம் செய்யப்பட்டாலும் இதே நிபந்தனையா என்பதை எழுத்துபூர்வமாகக் கேட்டுப் பெற வேண்டும்.

நிறுவனம் தன் சொந்தக் காரை ஊழியருக்குக் குறைந்த விலைக்கு விற்றால், அதிலும் வரி உண்டு. நிறைவடைந்த ஒவ்வோர் ஆண்டுக்கும், எஞ்சிய மதிப்பில் 20 சதவீதம் கழிக்கப்படும். 20 லட்சம் ரூபாய் காரின் மதிப்பு மூன்று ஆண்டுகளில் 10.24 லட்சமாகும். அதை 7 லட்சத்துக்குப் பெற்றால், மீதி 3.24 லட்சம் ஊழியரின் வருமானமாகக் கருதப்படும்.

காப்பீட்டிலும் கவனம் தேவை. கார் நிறுவனத்தின் பெயரில் இருக்கும்போது, உரிமையாளரே ஓட்டும் வாகனத்துக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு அதற்குப் பொருந்தாது. ஓட்டும் ஊழியருக்கு வேறு விபத்துக் காப்பீடு உள்ளதா என்று உறுதி செய்ய வேண்டும். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான சலுகையும் பாலிசிதாரரான நிறுவனத்துக்கே உரியது. ஆனால், கார் அந்த ஊழியருக்கே ஒதுக்கப்பட்டு அவரால் மட்டும் ஓட்டப்பட்டது என்று நிறுவனம் கடிதம் தந்தால், காரை வாங்கும் ஊழியருக்கு அது கைமாறும்.

மாதம் 2,000 கி.மீ.க்கு மேல், பெரும்பாலும் நெடுஞ்சாலையில் செல்பவர், குத்தகை முடியும் வரை அதே பணியில் இருப்பார் என்ற நிலை இருந்தால், டீசல் ஆட்டோமேடிக் இன்றும் பொருத்தமான தேர்வே. நகருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கும், ஓரிரு ஆண்டுகளில் பணி மாறும் எண்ணம் உள்ளவருக்கும், வரியில் மிச்சமாகும் தொகை வேறு வழியில் கைநழுவிப் போகக்கூடும்.