காயலான் கடை

“பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!” என்னும் குரல் தமிழ்நாட்டுத் தெருக்களில் நெடுங்காலம் ஒலித்தது. அதனைக் கேட்டதும் சிறுவர்கள் ஓட்டைக் குடத்தையும் ஒடிந்த கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஓடுவர். உடைந்த பொருளை அவ்வாணிகன் ஏன் விரும்பி வாங்குகிறான் என்று கேட்க, பழத்தின் இனிப்பில் மயங்கிய அவர்களுக்குத் தோன்றியதில்லை. அவன் வாங்கியவை யாவும் போய்ச் சேருமிடம் காயலான் கடை. தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்தை அடுத்த காயல்பட்டினத்து வணிகர் சென்னையில் இத்தொழிலை நடத்தியமையால் இப்பெயர் உண்டாயிற்று என்பர். செங்கோட்டைக் கணவாயைக் கடந்து கேரளம் புகுந்தால் இப்பழம்பொருளை ‘ஆக்ரி’ என்று வழங்குவர். பெயர் எதுவாயினும் கடையின் தோற்றம் எங்கும் ஒன்றே. வாயிலில் ஒரு தராசு; உள்ளே துருவேறிய குவியல். அக்குவியலைக் கண்டு முகஞ்சுளிப்பார் பலர். அதனை ஊர் நடுவே அமைந்த ஒரு சுரங்கமாகக் கருதுவதே தகும்.

தென்காசி வட்டாரம் வயலும் தோப்பும் மிக்கது. ஆதலின் இங்குள்ள கடைகளுக்குப் பழுதுபட்ட நீரிறைக்கும் பொறி, தேய்ந்த கொழு, வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை முதலியன வரும். குற்றாலத்தில் சாரல் பொழியும் காலத்தில் உணவு விடுதிகளில் கூட்டம் நிறையும். எண்ணெய்த் தகரமும் நசுங்கிய அலுமினியப் பாத்திரமும் அப்போது மிகுதியாகக் கழியும். பெரிய அளவிலான எடுத்துக்காட்டு வேண்டுமாயின் நம் புகைவண்டிப் பாதையைக் காட்டலாம். செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து புனலூருக்குச் செல்லும் மீட்டர் பாதை 1904 இல் திறக்கப்பெற்றது. 2010 இல் அது மூடப்பட்டு, அகலப் பாதையாக மாற்றப்பெற்று, 2018 இல் மீண்டும் பயனுக்கு வந்தது. இவ்வாறு பாதைகளை மாற்றும்பொழுது கழற்றப்படும் தண்டவாளங்களுள் மீண்டும் பயன்படாதவற்றை இரயில்வே துறையினர் ஏலமிட்டு விற்பது வழக்கம். உருக்காலையார் அவற்றை விரும்பி வாங்குவர்.

அவர்கள் விரும்புவதன் காரணம் யாது? காகிதத்தைப் பலமுறை கூழாக்கினால் அதன் நார் குறுகி வலியிழக்கும். உலோகத்தின் இயல்பு வேறு. இரும்பையும் செம்பையும் எத்தனை முறை உருக்கினும், வேறு பொருள் கலவாதவரையில், அவற்றின் தன்மை குன்றுவதில்லை. இவ்வுண்மையை நம் கன்னார் தொன்றுதொட்டு அறிவர். தென்காசிக்குத் தெற்கே அம்பாசமுத்திரத்தை அடுத்துள்ள வாகைக்குளம் வெண்கலப் பாத்திரத்திற்குப் பெயர்பெற்ற ஊர். ஏறத்தாழ நான்கு பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் கலந்தால் வெண்கலம் ஆகும். வெள்ளீயம் நம் நாட்டில் மிக அரிதாகவே கிடைப்பது. எனவே விரிந்துபோன வெண்கல உருளியும் உடைந்த மணியும் கன்னானுக்குக் குப்பையாகா. செம்பையும் வெள்ளீயத்தையும் தனித்தனியே விலைகொடுத்து வாங்கும் செலவை அவை குறைக்கும். பழம் பாத்திரத்தைக் கொடுத்து, எடைக்கு எடை கழித்து, கூலியை மட்டும் செலுத்திப் புதுப் பாத்திரம் பெறும் வழக்கமும் இதனால் எழுந்ததே. பாட்டியின் திருமணச் சீராக வந்த குடம் பேத்தியின் சீரில் வேறு வடிவு கொண்டு சென்றிருத்தல் கூடும்!

கன்னான் உலையில் சிறிதாக நடப்பது உருக்காலையில் பெரிதாக நடக்கிறது. மண்ணிலிருந்து புதிதாக எஃகு செய்ய இரும்புக் கல், நிலக்கரி, சுண்ணாம்புக் கல் ஆகிய மூன்றையும் வெட்டிக் கொணர்ந்து ஊதுலையில் இடவேண்டும். பழைய எஃகையோ மின்னுலையில் இட்டு உருக்கினால் போதும். இந்திய அரசின் எஃகு அமைச்சகம் 2019 நவம்பரில் பழைய எஃகு பற்றிய கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஒரு டன் பழைய எஃகைப் பயன்படுத்தினால் 1.1 டன் இரும்புக் கல்லும், 630 கிலோ நிலக்கரியும், 55 கிலோ சுண்ணாம்புக் கல்லும் மிஞ்சும் என்று அது கணக்கிட்டுள்ளது. ஊதுலைக்கு ஏற்ற நிலக்கரியில் பெரும்பகுதியை நாம் அயல்நாடுகளிலிருந்தே வாங்குகிறோம் என்பதை இங்கு நினைவிற் கொள்க. 2017-18 ஆம் ஆண்டில் உள்நாட்டில் திரட்டிய பழைய எஃகு 250 இலட்சம் டன். அதுவும் போதாமல் 70 இலட்சம் டன் வெளியிலிருந்து வந்தது. தெருவில் கூவிச் செல்லும் எளிய வாணிகனும் தள்ளுவண்டிக்காரனும் திரட்டிய கைப்பிடிகளே அந்த 250 இலட்சத்தில் பெரும்பகுதி என்பதை எண்ணுங்கால், அவர்களை இகழ்ந்து பேச நா எழுமோ?

அலுமினியத்தின் கணக்கு இன்னும் வியப்புத் தருவது. ஒரு டன் அலுமினியம் எடுக்க நான்கு டன் அளவுக்குப் பாக்சைட்டு என்னும் செம்மண் கல்லை வெட்டவேண்டும். ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம் செலவிடவேண்டும். கல்லிலிருந்து பிரிந்த செஞ்சேறு காரம் மிக்கது. அதனைக் கொட்ட இடம் காண்பதே அரிது. பழைய அலுமினியத்தை உருக்கவோ அவ்வாற்றலில் இருபதில் ஒரு பங்கு போதும். மேட்டூரில் 1965 முதல் 2008 வரை அலுமினியம் எடுத்த ஆலைக்காக ஏற்காட்டு மலையையும், வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையையும் வெட்டினார்கள். நசுங்கிய பாத்திரம் ஒவ்வொன்றும் அத்தகைய மலையின் ஒரு துண்டைக் காக்கிறது என்றால் அது மிகையாகாது.

மாணவர்களே! இத்துணை நன்மையுடைய தொழிலும் முறை தவறினால் நஞ்சாகும். மின்கம்பியிலுள்ள செம்பை எளிதில் எடுக்கும்பொருட்டு அதன் மேலுறையைத் திறந்த வெளியில் எரிப்பாருளர். அப்புகையில் கொடிய நச்சுப் பொருள்கள் உண்டு. வண்டிகளின் மின்கலத்தை உடைத்துக் காரீயத்தை எடுத்துவிட்டு, அமிலத்தை ஓடையில் கவிழ்ப்பது அதனினும் தீது. காரீயம் உடலிற் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சி கெடும். குற்றாலத்தில் அருவியாய் வீழும் சிற்றாறு தென்காசியைத் தொட்டுச் சென்று சீவலப்பேரியருகே தாமிரபரணியிற் கலக்கிறது. இங்கே ஓடையில் ஊற்றிய நஞ்சு அங்கே குடிப்பவரைச் சென்று சேரும். ஆகவேதான் பழைய மின்கலத்தை உற்பத்தியாளரே திரும்பப் பெற்றுப் பதிவுபெற்ற ஆலையில் உருக்கச் செய்யவேண்டும் என 2022 ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன.

பிரித்து வைத்தலும் இத்தொழிலில் இன்றியமையாதது. இரும்போடு செம்புக் கம்பி கலந்து உலையில் விழுந்துவிட்டால் அதனைப் பின்னர் நீக்குதல் மிக அரிது. அவ்வெஃகைக் காய்ச்சித் தகடாக்கும்போது மேற்பரப்பில் வெடிப்புத் தோன்றும். கடைக்காரன் கையில் ஒரு காந்தத்துடன் திரிவது இதனாலேயே. காந்தம் கவர்வது இரும்பு. கவராதவற்றை நிறத்தாலும் எடையாலும், தட்டியெழும் ஓசையாலும் தேர்வான். வீட்டிலேயே நாம் பிரித்துக் கொடுத்தால் அவனுக்கு வேலை குறையும். நமக்கும் விலை கூடும்.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டியுள்ளது. பழையன எல்லாம் உருக்குவதற்கு உரியன அல்ல. பாண்டியர் வரலாற்றைக் கூறும் வேள்விக்குடிச் செப்பேடு இன்று இலண்டன் மாநகரின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. களப்பிரரை வென்று கடுங்கோன் நாட்டை மீட்ட செய்தியை நாம் அதனால் அறிந்தோம். எடைக்கு விலை பேசும் ஒருவன் கையில் அது சிக்கியிருப்பின் நாலைந்து குடமாகி மறைந்திருக்கும். மண்ணைத் தோண்டும்போது எழுத்துப் பொறித்த தகடோ, திருமேனியோ, பழங்காசோ கிடைத்தால் அதனைத் தராசுக்குக் கொண்டு செல்லலாகாது. அத்தகைய புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டுமென 1878 ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. முன்னர் இதற்காகத் திருநெல்வேலிக்குச் செல்லவேண்டியிருந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபின் ஆட்சியர் அலுவலகம் இவ்வூரிலேயே உள்ளது.