பெண் குட்டிக்கு ஒரு பெயர்

குழந்தைக்குப் பெயர் சூட்டுவதென்றால் பஞ்சாங்கம் இருக்கிறது. பாட்டன் பாட்டியரின் பெயர்கள் இருக்கின்றன. நாய்க்குட்டிக்குப் பெயர் வைப்பதில் என்ன சங்கடம் என்று அன்பர்கள் வினவலாம். சென்ற மார்கழி வரையில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

கரக்பூர் ரயில்வே குடியிருப்பில், எங்கள் வரிசைக்குப் பின்னாலுள்ள பழைய கொட்டகையில் ஒரு தெருநாய் மூன்று குட்டிகளை ஈன்றது. ஆண் குட்டிகள் இரண்டையும் யாரோ விரும்பி எடுத்துச் சென்றனர். எஞ்சியது பெட்டை. "பெட்டையை வளர்த்தால் ஆண்டுதோறும் குட்டி, யார் பார்ப்பது?" என்று எல்லோரும் ஒதுங்கினர். என் மகள் மட்டும் ஒதுங்கவில்லை. தன் பழைய சால்வையில் சுற்றி வீட்டிற்கே கொண்டுவந்து விட்டாள். உடல் முழுவதும் கறுப்பு; நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு.

என் மனைவி பிறந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கே வீட்டு நாய்க்கு ஆணாயினும் பெண்ணாயினும் 'மணி' என்பதே பெயர். ஆகவே எங்கள் குட்டியும் யோசனையின்றி மணி ஆயிற்று.

நான்காம் நாள் காலை, ஆபீசுக்குப் புறப்படும் வேளையில் என் செருப்பின் வார் அதன் வாயில் இருக்கக் கண்டேன். "மணி! சனியனே! வெளியே போ!" என்று வாசலில் நின்று இரைந்தேன்.

அன்று மாலை, அடுத்த வீட்டு வங்காளிக் குடும்பத்தின் நான்கு வயதுச் சிறுமி வழக்கம்போல் எங்கள் திண்ணைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய பாட்டியார், நாங்கள் மாசிமா என்று அழைக்கும் அம்மையார், வேலியருகே வந்து நின்றார். "பாபு, குழந்தை என்ன பிழை செய்தாள்?" என்று மெல்லக் கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் நினைவு வந்தது. வங்காளிகள் குழந்தைக்கு ஊரறிய ஒரு பெயரும், வீட்டில் அழைக்க ஒரு பெயரும் வைப்பார்கள். அந்தச் சிறுமியின் வீட்டுப் பெயர் மணி! அவர்கள் நாவில் அது 'மோனி' என ஒலிக்கும். ஆயினும் நான் போட்ட கூச்சலில் அந்த வேற்றுமை எங்கே தெரியப் போகிறது? சனியும் அவர்களுக்குத் தெரிந்த கிரகமே. குட்டியைத் தூக்கிக் காட்டி, கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அம்மையார் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவே வேறு பெயர் தேடினோம். 'ஜிம்மி' என்றேன், எதிர்வீட்டு ஆங்கிலோ இந்தியர் மகனின் பெயர் அது. 'ராணி' என்றால் அதே வரிசையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். 'கறுப்பி' என்பது நம் நாட்டுப்புறத்து நல்ல பெயர். 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த பரியேறும் பெருமாள் படத்தில் வரும் நாய்க்கும் அதுவே பெயர். ஆனால் என் மகள் தலைகுனிந்தாள். பள்ளியில் அவளை நிறத்தைச் சொல்லிக் கேலி செய்வார்கள் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

பையன் 'லைக்கா' என்றான். 1957 நவம்பரில் ருஷ்யர்கள் ஸ்புட்னிக் இரண்டில் வைத்து விண்ணுக்கு அனுப்பிய பெண் நாய் அது. மாஸ்கோவின் தெருவில் திரிந்த நாய்தான். "திரும்பி வந்ததா?" என்று என் மனைவி கேட்டாள். வரவில்லை என்றதும், "அப்படியானால் வேண்டாம்" என்றாள். 1960 ஆகஸ்டில் சென்று உயிருடன் திரும்பிய பெல்கா, ஸ்திரெல்கா என்ற இரண்டு பெண் நாய்களின் பெயர்களோ எங்கள் நாவில் நிற்கவில்லை.

எனக்குச் சரமையின் நினைவு வந்தது. ரிக் வேதத்தில் இந்திரனுக்காகத் தூது சென்று, பணிகள் ஒளித்து வைத்த பசுக்களைக் கண்டறிந்த பெண் நாய் அவள். மகாபாரதத்தின் ஆதி பர்வத்திலும் வருகிறாள். ஜனமேஜயனின் வேள்விக்கு வந்த அவள் மகனை அரசனின் தம்பியர் அடித்து விரட்டினர். அவிப்பொருளை நக்கவுமில்லை, நோக்கவுமில்லை என்று அவன் அழுதான். சரமை நேரே வேள்விச் சாலைக்குச் சென்று, என் மகன் என்ன பிழை செய்தான் என்று கேட்டாள். ஒருவரும் விடை கூறவில்லை. எதிர்பாராத அச்சம் உங்களை வந்தடையும் என்று அவள் சபித்தாள்.

அதே கேள்வியை அல்லவா மாசிமா என்னிடம் கேட்டார்! அதை நினைத்ததும் என் நெஞ்சம் குறுகியது. ஆயினும் விபீஷணன் மனைவிக்கும் சரமை என்றே பெயர். அதைச் சொல்லி எந்த வாசலில் நின்று நாயை அதட்டுவது?

மறுநாள் மகளே வழி கண்டாள். "நெற்றியில் தும்பைப் பூ ஒட்டியிருக்கிறதே, அப்பா. தும்பை என்று கூப்பிடலாமே" என்றாள். இம்முறை நான் அவசரப்படவில்லை. வேலியருகே சென்று மாசிமாவிடம் அப்பெயரைச் சொல்லிக் காட்டினேன். "துமி என்றால் எங்கள் பாஷையில் 'நீ' அல்லவா? என்னையா கூப்பிடுகிறாய்?" என்று நகைத்து, நல்ல பெயர் என்று வாழ்த்தினார். சிறுமி மோனி அன்றே திண்ணைக்கு வந்து, "தும்பை, தும்பை" என்று அழைக்கத் தொடங்கினாள்.

பெயர் தேடும் அன்பர்களுக்கு நான் கற்றவற்றைச் சொல்லி முடிக்கிறேன். பெயர் இரண்டு அசைக்குள் இருத்தல் நலம். வா, போ, இரு முதலிய ஏவல்களைப் போல ஒலிக்கலாகாது. வீட்டார் அனைவரும் ஒரே பெயரால் அழைக்க வேண்டும். சோறிடும்போது அப்பெயரைச் சொல்ல வேண்டும். அதட்டும்போது சொல்லாதிருக்க வேண்டும். அந்நிய பாஷை வழங்கும் ஊரில் குடியிருப்போர் மேலும் ஒன்று செய்தல் வேண்டும்: பெயரை முதலில் அண்டை வீட்டார் காதில் போட்டுப் பாருங்கள்.

மூன்றாம் மாதத்தில் வெறிநாய்க்கடி நோய்க்குத் தடுப்பூசி போட மிருக வைத்தியரிடம் சென்றோம். ஆறு மாதம் கடந்தபின் கருத்தடைச் சிகிச்சை செய்து கொள்ளலாம் என்றார். பெட்டை என்று ஊரார் அஞ்சியதற்கு இவ்வளவு எளிய மாற்று இருக்கிறது. சீட்டில் எழுதுவதற்காக, "பெயர் என்ன?" என்று வினவினார். "தும்பை" என்றாள் என் மகள். கொட்டகையில் ஒருவரும் வேண்டாமென்று விட்டுச் சென்ற குட்டி, தன் பெயரைக் கேட்டு வாலை ஆட்டியது.