சோலேர்தான் அந்தக் காணாமல்போன காவல் தெய்வமா?

2011-ல் வந்த ‘டார்க் சோல்ஸ்’ ஆடியிருக்கீங்களா? அதில் மன்னன் க்வினின் மூத்த மகன், போர்க் கடவுள், கண்ணிலேயே படமாட்டான். ஏதோ முட்டாள்தனம் செய்ததால் அவன் பெயரே வரலாற்றிலிருந்து நீக்கப்பட்டது என்கிறது ஒரு மோதிரத்தின் குறிப்பு. ஆனால், அவன் இன்னும் தன் வீரர்களைக் கவனித்துவருகிறான் என்கிறது ஒரு பதக்கத்தின் குறிப்பு.

அப்போ எங்கே போனான்? கூடவே வந்து உதவும் சூரிய பக்தன் சோலேர்தான் அவன் என்று ரசிகர்கள் பலர் அடித்துச் சொன்னார்கள். 2016-ல் ‘டார்க் சோல்ஸ் 3’ வேறு ஆளைக் காட்டியது: டிராகன்களை வேட்டையாடிவிட்டு, பிறகு அவற்றோடே சேர்ந்துகொண்ட ‘பெயரற்ற மன்னன்’.

இதையும் கேம் நேராகச் சொல்வதில்லை; குறிப்புகளைக் கோத்துப் பார்த்தால்தான் புரியும். அடுத்த முறை ஒரு மோதிரம் கிடைத்தால், குறிப்பை ஸ்கிப் பண்ணாதீங்க!